அந்த ஊர்க் காசில்

பிரியமுள்ள ‘என்னங்க’வுக்கு,

முதலில் ஒரு திருத்தம். பிராக் நகரத்து ஆஸ்பத்திரியில் நீங்கள் இறந்து கிடந்தபோது நான் கவுன்டரில் நின்று பேரம் பேசினேன் என்று அல்வாலில் நம் சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் பேரம் பேசவில்லை. தவறாகப் போட்டதை ரத்து செய்யச் சொன்னேன். பேரம் வேறு, ரத்து வேறு. அதோடு, அப்போது நீங்கள் இறந்துவிட்டதாக எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

சொல்வது வேறு யாருமில்லை, உங்கள் தங்கை விமலாதான். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். “எங்க அண்ணிக்கு பில்லு கரெக்டா இருக்கணும். ஆளு இருந்தா என்ன, போனா என்ன?” நான் நிமிர்ந்து பார்த்தேன். “எதுக்கு முறைக்கிறீங்க அண்ணி? ஜோக்குதானே சொன்னேன்” என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. ரசம் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டேன். சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. நீங்கள் போனதிலிருந்து எல்லாமே அப்படித்தான் இருக்கிறது.

விமலா அங்கே இல்லை. இருந்தது நானும் அந்த ஊரில் வேலை பார்க்கும் நம் மகன் சேகரும் மட்டும். அப்படியென்றால் அவன்தான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் அந்த கவுன்டரில் அவனை நிறுத்தி வைக்காமல் இருந்திருந்தால் அப்பாவைக் கடைசியாக உயிரோடு பார்த்திருக்கலாம் என்று அவன் நினைக்கிறான் போலிருக்கிறது. நினைக்கிறானா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறான். “சாப்டியாம்மா? டேப்ளட்ஸ் போட்டியா?” “ஆச்சு.” “ஓகேம்மா.” அவ்வளவுதான் பேச்சு. முன்பெல்லாம் அவனை நிறுத்த முடியாமல் நீங்கள் போனை என்னிடம் தள்ளுவீர்கள்.

தமிழ்ச் சங்க மலரில் உங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். “சாரோட நல்ல குணங்களை எழுதிக் குடுங்கம்மா” என்றார் செயலாளர். உங்களோடு பழகியவர்களுக்கு அவை தெரியும். நான் நடந்ததை எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்குப் புரிவதற்காக, உங்களுக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்கிறேன். நம் ஊர் பேங்க் கார்டை வெளிநாட்டில் கொடுத்தால், அந்த மெஷின் சில சமயம் ஒரு கேள்வி கேட்கும். கட்டணத்தை ரூபாயில் எடுக்கவா, அந்த ஊர்க் காசில் எடுக்கவா என்று. செக் நாட்டில் அந்தக் காசு கொருனா. முதல் நாள் ரொட்டிக் கடையில் ரூபாயைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது. விரலைக் கொண்டுபோனேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“ரூபாயில போட்டா அவன் வச்சதுதான் ரேட்டு, சரோ. அந்த ஊர்க் காசில போட்டா நம்ம பேங்க் ரேட்டு.”

“அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே கேக்கறாளே, பாவம்.”

“சிரிச்சுக்கிட்டே கேட்டா யாருக்கோ லாபம்னு அர்த்தம். உனக்கில்ல.”

அதற்குப் பிறகு கார்டை நீட்டுவதும் பொத்தானை அழுத்துவதும் என் வேலை. தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பது உங்கள் வேலை. நான் சரியாக அழுத்தினால், ஆலையில் ஒரு கருவியைப் பாஸ் செய்கிற மாதிரி “ம்” என்பீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. உங்களிடம் சொன்னதில்லை.

பிறகு ஒரு நாள் டிராமில் உங்களுக்கு வியர்த்தது. குளிர்காலத்தில் எப்படி வியர்க்கும் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சரிந்து உட்கார்ந்தீர்கள். யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். சேகர் ஆபீசிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் உங்களை உருட்டிக்கொண்டு போனபோது கூடவே நடந்தேன். வழியில் அந்த கவுன்டர் இருந்தது. அதன் மேல் கார்டு மெஷின் இருந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். என் முந்தானையைப் பிடித்து இழுத்தீர்கள். நான் குனிந்தேன்.

“ரூபாயில போட்டுடாத. அந்த ஊர்க் காசில.”

கதவு மூடியது. ஒரு நர்ஸ் கையைக் காட்டி என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சேகரிடம்கூட. எல்லா வீட்டிலும் போகிறவர்கள் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள், தைரியமாக இரு என்று. துக்கம் கேட்க வந்தவர்கள் என்னிடமும் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். பாலாநகர் ஆலையில் விமானக் கருவிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அந்த மனிதர் கடைசியில் சொன்னது இதுதானா என்று ஒருவரும் சிரித்துவிடக் கூடாது. என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். பந்தியில் சிரித்தார்கள்.

சேகர் வந்த பிறகுதான் கவுன்டரில் முன்பணம் கேட்டார்கள். கார்டைக் கொடுத்தேன். அந்த அம்மாள் மெஷினை என் பக்கம் திருப்பவே இல்லை, அவளாகவே அழுத்திவிட்டாள். ரசீதில் ரூபாய் என்று இருந்தது.

“ரத்து பண்ணச் சொல்லு” என்றேன்.

“அம்மா, ப்ளீஸ். லீவ் இட். எவ்ளோ வித்தியாசம் வந்துடப் போவுது? நான் குடுத்துடறேன்.”

“நீ குடுக்க வேண்டாம். கொருனாவில போடச் சொல்லு.”

அவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை. சேகருக்குத் தெரிந்த செக் மொழி, காய்கறி வாங்குகிற அளவு. அவள் உள்ளே போய் இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள். அவன் முகம் சிவந்து போயிருந்தது. எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நகரவில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை அது ஒன்றுதான். அதைச் சரியாகச் செய்தால் நீங்கள் வெளியே வந்து ரசீதை வாங்கிப் பார்ப்பீர்கள் என்று இருந்தது.

இரண்டாவது ரசீது சரியாக வந்தது. மடித்துப் பையில் வைத்தேன். டாக்டர் வந்தார். சின்னப் பெண். என்னைப் பார்த்து இங்கிலீஷில் “சாரி” என்றாள். பிறகு சேகரிடம், அவனுக்குப் புரியும்படி அவர்கள் பாஷையில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அவன் ஏதோ கேட்டான். அவள் உங்களை அழைத்துப்போன கதவைப் பார்த்தாள், பிறகு கவுன்டரைப் பார்த்தாள், பதில் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

“என்னடா சொன்னாங்க?”

“நத்திங்மா. வா.”

இங்கே செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. சைனிக்புரியில் நம் வீதிக்குப் புதுத் தார் போட்டார்கள், அதற்குள் தோண்டியும் விட்டார்கள். பேங்கில் கணக்கை என் பெயருக்கு மட்டும் மாற்றினேன். கவுன்டர் பெண் தெலுங்கில் கேட்டாள், கார்டின் வெளிநாட்டு உபயோகத்தை நிறுத்திவிடட்டுமா ஆன்ட்டி, இனிமேல் எங்கே போகப் போகிறீர்கள் என்று. அதைத் தீர்மானிக்க வேண்டியவள் நான், நீ இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன்.

அழவில்லையா என்று கேட்கிறார்கள். இல்லை. வரும்போது வரட்டும்.

நீங்கள் சொன்னதை இப்போது எழுதிவிட்டேன். யாராவது சிரித்தால் என்னை மன்னியுங்கள். உங்கள் மானத்தைவிடப் பிள்ளை எனக்கு வேண்டியிருக்கிறது. என்ன பதில் வந்தாலும் அவனோடு சண்டை போட மாட்டேன், உங்களோடும் போட மாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

சேகருக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. நம்மால் வந்த குறை அது. விமலா இதை அவனுக்குப் போனில் படித்துக் காட்டட்டும். ஒரு வரி விடக் கூடாது, தன் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கவும் கூடாது.

சேகர், அன்றைக்கு அந்த டாக்டரிடம் நீ என்ன கேட்டாய்? அவள் என்ன சொன்னாள்? போனில் கேட்டால் எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடுவாய். அதனால் போன் வேண்டாம். உனக்கு வருகிற மொழியில், உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பு.

உங்கள் மனைவி,
அவன் அம்மா,
சரோஜா
சைனிக்புரி