மூன்றாம் ஓலை காத்திருக்கிறது

சேசு மரி சூசை துணை

குளுவாங், ஜொகூர்
14 செப்டம்பர் 1931

அன்புள்ள மகன் இன்னாசித்தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம், முழங்கால் மட்டும் மழை வருமுன் முணுமுணுக்கிறது. நீ சுகமா என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, ஆகையால் தேவமாதாவின் கிருபையால் சுகமென்று நானே எடுத்துக்கொள்கிறேன். கடலுக்கு அப்பால் சண்டாக்கானிலிருந்து நீ போட்ட கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய், மூன்று இடத்திலும் மூன்று சுழி போட்டிருக்கிறாய். மன்னிப்புக்கு இரண்டு சுழிதான் தம்பி. கன்னியர் மடத்தில் நான் படித்த காலத்தில் இப்படி எழுதினால் சிஸ்டர் தாளையே திருப்பித் தந்துவிடுவார்.

கோவிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசிப்பதை நிறுத்துங்கள், எனக்குப் பேசின யோகத்தை வேறு நல்ல இடத்தில் கட்டிக் கொடுக்கட்டும், என் பேச்சைக் கேட்டு ஈயக் கம்பெனியில் பங்கு வாங்கி இழந்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன், எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் குளுவாங் மண்ணை மிதிப்பேன் என்று எழுதியிருந்தாய். ஒரு மரக் கம்பெனிக் கிளாக்கரின் சம்பளத்தில் அது முடிகிறபோது யோகத்துக்குத் தலை நரைத்திருக்கும், நானும் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் சேமக்காலையில் படுத்திருப்பேன். நீ யாரையும் ஏமாற்றவில்லை. அந்தக் கம்பெனிக் கந்தோரில் வேலை பார்த்தாய், சுரங்கத்தை நம்பினாய், உன் காசையும் அதிலேயே போட்டாய். ஈயம் விலை விழுந்தது, பம்பு நின்றது, குழியில் தண்ணீர் ஏறியது, கம்பெனி கதவைச் சாத்தியது. விலை விழுந்ததற்கு நீ பொறுப்பில்லை. ஆனால் கட்டாயம் ஏறும், கட்டாயம் ஏறும் என்று வீடு வீடாகச் சொன்னாயே, அந்தக் கட்டாயம் உன்னுடையது, அதற்கு நீ பதில் சொல்லத்தான் வேண்டும். நானும் வாங்கினவள்தான். அவர்களுடைய இங்கிலிஷ் விளம்பரத் தாளை இரண்டு முறை வாசித்து, எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு, பிறகு வாங்கினேன்.

இங்கே ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் ஆற்றிக்கொள்கிறார்கள். பின்னேரங்களில் நாலைந்து பேர் ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து இன்னும் பத்திரிகையில் ஈய விலை பார்க்கிறார்கள், கம்பெனியே இல்லை, செத்தவருக்கு நாடி பிடிப்பதுபோல. போன கிழமை ஒருநாள் கொஞ்சம் ஏறியிருந்ததாம், அந்தச் சந்தோஷத்தில் ஆளுக்கொரு கோப்பி வாங்கிக் குடித்தார்களாம். பால் கொண்டுவருகிற காளியம்மா என்னிடம் வந்து, ஏம்மா, ஈயம் இல்லாட்டிப் போகட்டும், குழி இருக்கும்ல, அதுல என் பங்கு எதுன்னு அளந்து காட்டச் சொல்லுங்க, தண்ணி நிக்குதாமே, நாலு வாத்து விட்டுக்கிறேன் என்றாள். நான் கம்பெனிச் சட்டத்தைப் பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்ப வாத்தும் இல்லையா என்றாள். 

சனிக்கிழமை பின்னேரம் யோகத்தின் தகப்பன் சந்தியாப்பிள்ளை செடெனாக்கிலிருந்து றெயிலில் வந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் உடுப்போடு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொடுத்த கோப்பியை ஆறவிட்டுக்கொண்டு இருந்தார். உன்னைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் பதிலைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். அவரோ, யோகத்தின் சீதனக் காசு முழுதும் அந்தப் பங்கிலேயே போய்விட்டது அக்கா, வெறுங்கையோடு பிள்ளையை அனுப்ப எனக்கு முகமில்லை, நீங்கள் வேறு இடம் பார்த்தாலும் நான் குறை நினைக்க மாட்டேன் என்றார். பார்த்தாயா, ஒரே காசுக்காக நீ சண்டாக்கானிலும் அவர் செடெனாக்கிலும் முகத்தை மூடிக்கொண்டு இருக்கிறீர்கள். நான் சொன்னேன், சீதனம் நீங்கள் கொடுத்தாயிற்று, கலியாணத்துக்குப் பிறகு அழிக்க வேண்டியதை என் மகன் அவசரப்பட்டு முன்னமே அழித்துவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம் என்று. மனிதர் ஆறின கோப்பியைக் குடித்தார், பிறகு இன்னொரு கோப்பியும் கேட்டார். உன் கடிதத்தையும் அவருக்குக் காட்டினேன், மறைத்துப் பழக்கமில்லை. பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர், ஞாயிறு காலை பூசைக்கு வந்தபோது பதில் கொண்டுவந்தார். வேண்டாம் என்பதை அவர் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை ஓலையை நிறுத்த வேண்டாம் என்று யோகம் சொன்னாளாம்.

ஆகவே நான் நிறுத்தவில்லை. யார் முகத்தில் விழிப்பேன் என்று கேட்டாயே, அந்த முகங்களையே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன், அதற்குத்தானே ஓலை வாசிப்பது. அந்தப் பூசையில் முதல் ஓலையாகச் சாமியார் உன் பெயரையும் அவள் பெயரையும் சொல்லி, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடவார்கள் என்று வாசித்தார். ஒருவரும் இருமக்கூட இல்லை. றெயில் எஞ்சின் பழுதுபார்க்கிற லோகோ செட்டில் கொதிகலன் தட்டித்தட்டிக் காது போன நம் செல்லப்பன், ஊருக்குப் போகக் கப்பலுக்கு வைத்திருந்த காசை உன் பேச்சில் போட்டாரே, அவர் காதில் இன்னாசி என்பதும் பங்கு என்பதும் மட்டும் விழுந்திருக்கிறது. மனைவியிடம் மெதுவாகக் கேட்பதாக நினைத்து, என்னாடி, இன்னாசி மறுபடியும் பங்கு விக்கிறானா, நமக்கு வேணாம்னு சொல்லிடு என்று கோவில் முழுதும் கேட்கச் சொன்னார். கோவிலில் சிரிப்பதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. ஆனால் அந்த வாங்குகளில் ஒரு வருஷமாக இல்லாத சிரிப்பு அது. சாமியார் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார், நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். வெளியே வந்ததும் விஷயம் விளங்கி செல்லப்பன் என்னிடம் வந்து, கல்யாணமா, வரச் சொல்லுங்கம்மா, அவனை நாலு திட்டுத் திட்டணும், ஆளே இல்லாம யாரைத் திட்டுறது என்றார். இதைக் கொஞ்சம் யோசித்துப் பார். காசு போன துக்கத்தோடு, முகம் பார்த்துத் திட்ட ஆளில்லாத துக்கத்தையும் நீ இவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

எல்லாரும் மன்னித்துவிட்டார்கள் என்று நான் பொய் எழுத மாட்டேன். ராசம்மா சிரிக்கவில்லை. அவள் புருஷன் தங்கராஜுவுக்குப் பங்கில் போட்ட காசோடு, சிம்பாங் ரெங்கம் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற கிராணி வேலையும் போய், இப்போது தமையன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார்கள். என்னைப் பார்க்காமலே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். வந்ததும் முதலில் அவர்கள் படியேறு. ஒன்றும் விளக்காதே, கட்டாயம் என்ற சொல்லை வாயிலெடுக்காதே, அவள் சொல்வதை முடியும்வரை கேட்டுக்கொண்டிரு.

இரண்டாம் ஓலை வருகிற ஞாயிறு. மூன்றாவதை நீ வந்து சேரும்வரை நிறுத்தி வைக்கச் சாமியாரிடம் கேட்டேன், சம்மதித்தார். அப்போதும் உனக்கு வேண்டாமென்றால் சரி, யோகத்திடமும் சாமியாரிடமும் நீயே சொல்லு. உன் சார்பில் நான் சொல்ல மாட்டேன். எந்தக் கப்பல் என்று தந்தி கொடு. கறுத்தச் சப்பாத்துக்கு இப்போதே மெழுகு போட்டு வை, கடல் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். மூன்றாம் ஓலையாவது சரியாகக் காதில் விழட்டும் என்று செல்லப்பனுக்கு முதல் வாங்கில் இடம் வைத்திருக்கிறேன்.

சேசுநாதர் உன்னைக் கடலில் காப்பாராக.

உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
செ. திரேசம்மா