மாவுக் கை

வந்துவிட்டாயா? உன் வீட்டுக்காரர் இந்தச் சீட்டை எழுதி வைத்துவிட்டு, நம் மந்திரியை நாய் டாக்டரிடமிருந்து அழைத்துவரப் போயிருக்கிறார். பயப்படாதே, பிழைத்துக்கொண்டது. அடுப்பில் சாப்பாடு இருக்கிறது. உப்பு இருக்காது, வீட்டு உப்பையெல்லாம் மனிதர் சாக்கடையில் கொட்டிவிட்டார்.

பேத்தி உப்பும் மாவும் பிசைந்து, உன் கையை அழுத்தி அச்செடுத்துக் காயவைத்தாளே, அதை மந்திரி தின்றுவிட்டது. எட்டாத அலமாரிதான். நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஸ்டூல் வைத்து ஏறியிருக்கிறது. இறங்கியதும் ஸ்டூலை இடத்தில் வைத்துவிட்டது, வளர்த்தவள் நீயல்லவா!

பிறகு ஒரே வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம்.

"இவ்வளவு உப்பு நாய்க்கு விஷம் பெரியவரே. தாகம்னு ஒரேயடியா தண்ணி காட்டினா மூளை வீங்கிடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும்," என்றார் டாக்டர். இரண்டு நாளாக உன் வீட்டுக்காரர் கிண்ணமும் கையுமாகக் காவல் இருந்தார். நேற்றுதான் வாலை ஆட்டியது.

உன் சேலைகளை எடுத்துப்போகத்தான் வருகிறாய் என்று மகள் சொன்னாள். நாங்கள் வரும்வரை இரு.

பி.கு.: "உங்க வாயில ஒரு நாளாவது உண்மை வருமா?" என்று கேட்டுவிட்டுத்தானே மகள் வீட்டுக்குப் போனாய்? இதோ வருகிறது. நாற்காலிக் கதை பொய். மாவுக் கையை இறக்கியது உன் வீட்டுக்காரர். நீ போனதிலிருந்து அதில் தன் கையை வைத்துக்கொண்டுதான் மத்தியானம் கண்ணயர்வார். அன்றைக்குக் கட்டிலிலிருந்து நழுவிவிட்டது.

இன்னொன்று. மந்திரி உப்பு ருசிக்காகத் தின்றது என்கிறார் டாக்டர். அவருக்கு உன் கையைத் தெரியாது.