தளபதி தின்ற அத்திப்பழம்

அண்ணா,

ஏதென்ஸ் மக்களுக்கும், லெம்னோஸ் தீவில் காய்ச்சலோடு படுத்திருக்கும் உனக்கும் இதனால் அறிவிப்பது: குதிரைப்படைத் தளபதி நிகோடெலஸ் நம் வீட்டு அத்திப்பழத்தைத் தின்றார். நேற்றும் தின்றார், இன்றும் தின்றார்.

பழத்துக்காகவா வருகிறார்? "அண்ணன் எப்படிடா இருக்கான்?" என்று வாய் கேட்கும், கண் லாயத்தில் இருக்கும். உன் குதிரை ஐதோனின் பல்லைப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். தாடையைத் தடவியதும் எனக்குப் பொறி தட்டியது. படைக்குதிரைச் சோதனையில் தேறாத குதிரைக்குத் தாடையில்தானே சக்கர முத்திரை சுடுவார்கள்? உன்னைப் படையிலிருந்து கழற்றிவிட்டு, தன் மருமகனை நுழைக்கப் பார்க்கிறார்!

லாயக்காரன் மானெஸ், "சின்னய்யா, அவரு நல்லவரு" என்றான்.

"உனக்கும் பழத்துல பங்கா?" என்றேன்.

சோதனையன்று விடியுமுன் ஐதோனை மாமாவின் ஆட்டுக்கொட்டகையில் ஒளித்துவிட்டேன். தளபதியையே ஏய்த்தவன் இந்த ஊரில் உன் தம்பி ஒருவன்தான்!

மாலையில் அவரே வந்தார். "எங்கடா குதிரை? உங்கண்ணன் ஊர் திரும்பினதும், திருவிழா ஊர்வலத்துல அவன என் பக்கத்துல வரச் சொல்லலாம்னுதானே பாத்துப் பாத்து வச்சேன். சோதனைக்கு வராத குதிரை தேறாத குதிரைதான். அவன் பேரை அடிச்சிடவா?"

"அண்ணன்தான் ஒளிக்கச் சொல்லி எழுதினான்" என்று சொல்லிவிட்டேன்.

தேறாதவன் நான்தான் அண்ணா. காய்ச்சலில் உளறி அப்படி எழுதிவிட்டதாக அவருக்கு ஒரு வரி எழுதேன். அது வந்தால் ஐதோனை மறுபடி சோதிப்பாராம்.

தினமும் அவர் வீட்டுக்கே அத்திப்பழம் சுமக்கும்,
உன் தம்பி