அத்தையின் பங்கு என் தட்டில்

நாரின்,
மே 6

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, ஜிபார் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நானும்தான். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவீர்கள் என்பதால், நீங்கள் வேலை பார்க்கும் கசானுக்கு லாரி ஓட்டி வரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

மார்ச்சில் மார்பைப் படம் பிடிக்கும் வண்டி ஊருக்கு வந்ததல்லவா, என் இடது பக்கத்தில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். அது எங்கே வரும்? எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குத்தான். அங்குள்ள டாக்டரம்மா சாய்கால் அதைத் தலைநகருக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். பதினாறு வருடமாக ஊரார் சதையை எல்லாம் மெழுகில் பதித்துச் சீவுகிறவள் நான். என்னுடையதை வேறொருத்தி கந்தலாக்குவதா? நானே சீவினேன்.

டாக்டர் அரை மணி நேரம் மைக்ராஸ்கோப்பை விட்டு நிமிரவில்லை. பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். புற்றுநோய்தான். ஆனால் பால் குழாய்க்குள்ளேயே செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. நடுவில் செத்தவை சுண்ணாம்பாக இறுகியிருக்கின்றன. படத்தில் தெரிந்த புள்ளிகள் அவைதான். குழாயின் சுவர் எங்காவது உடைந்திருக்கிறதா என்று பார்க்கத் தனிச் சாயம் வேண்டும். அது வந்து சேரப் பதினோரு நாள் ஆனது. சாயம் ஏற்றியதும் சுவர் பழுப்பு வளையமாக, அறுபடாமல் நின்றது. நானும் டாக்டரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

இதற்கிடையில் புதிதாக வந்த அறுவை மருத்துவர், நான் யாரென்று தெரியாமல், உங்கள் அண்ணனைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொல்லி, நோயாளிக்குத் தெரிய வேண்டாம் என்றாராம். நம் வழக்கம்தானே. அன்றிலிருந்து வீடே என்னிடம் மறைத்தது, நானே சீவிய என் சதையை! ஓரகத்தி என்னைப் பாத்திரம் தொட விடவில்லை. சாயம் போட்ட மறுநாள் ஞாயிறு, ஆடு அறுத்தார்கள். வீட்டின் மூத்தவள் என்ற முறையில் அத்தைக்கே உரிய இடுப்பெலும்புக் கறி, மருமகளான என் தட்டில் வந்து விழுந்தது. எனக்கு வழியனுப்பு விழாவே நடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

எனக்கு எல்லாம் தெரியும் என்று போட்டு உடைத்தேன். அது இன்னும் குழாய்க்குள்தான் இருக்கிறது, அந்த இடத்தை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வேன் என்றேன். அத்தை என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"ஆடு இன்னும் பட்டியத் தாண்டலேங்குற?"

"தாண்டல அத்தை."

"அப்ப என் கறிய இந்தப் பக்கம் தள்ளுடி. நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்."

எல்லோரும் சிரித்தோம். அத்தை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது உங்கள் விஷயம். தினமும் இரண்டு தடவை கூப்பிட்டு, ஆப்பிள் சாப்பிட்டாயா என்று கேட்கிறீர்களே, அண்ணன் உங்களிடமும் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தெரியும். நடிப்பு உங்களுக்கு வராது.

இருபதாம் தேதி அறுவை. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஊசியில் வந்தது துளிச் சதைதான். முழுதாக எடுத்துச் சீவிப் பார்த்தால்தான் வேறெங்கும் சுவர் உடையவில்லை என்று நிச்சயமாகும். பெரும்பாலும் இருக்காது என்கிறார் டாக்டர். அதை நான் சீவப் போவதில்லை. என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கூரையைப் பழுது பார்க்கக் கட்டட வேலையில் லீவு கேட்டிருப்பதாகச் சொன்னீர்கள். கூரை நன்றாகத்தான் இருக்கிறது. என் பெண்டாட்டிக்கு அறுவை என்று சொல்லி லீவு வாங்கிக்கொண்டு வாருங்கள். பரிசோதனை முடிவு வரும் நாளில் எனக்குப் பயமாக இருக்கும்.

இறைவன் உங்களை இருபதுக்குள் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ஜிபார்