கருப்பாகத் தெரிந்த வயல்

ஐதராபாத்தில் உட்கார்ந்தபடியே நம் வயலைப் பார்க்கிறவருக்கு,

நேற்று போனில், "ரேடார் படத்துல நம்ம வயல் கருப்பா தெரியுதே, தண்ணி தேங்கிக் கெடக்கோ?" என்று கேட்டீர்கள். "ஆமா" என்றேன். பொய். சங்கரன்கோவில் பக்கம் இன்னும் ஒரு தூறல்கூட இல்லை.

நீங்கள் எனக்குச் சொன்னதுதான். ரேடார் செயற்கைக்கோள் தன் அலையைத் தானே அனுப்பிப் பார்ப்பதால் மேகமும் இருட்டும் அதை மறைக்காது. பயிரில் பட்ட அலை சிதறி, கொஞ்சம் திரும்பி வரும். அந்த இடம் வெளுப்பாகத் தெரியும். அசையாத தண்ணீர் அலையை வேறு பக்கம் தள்ளிவிடும், அது கருப்பு. மட்டமான காய்ந்த தரையும் அப்படித்தானே? உங்களுக்குத் தோன்றவில்லை.

புரட்டாசியிலேயே உழுது, பலகையடித்து மட்டமாக்கிவிட்டேன். முதல் பிடி உளுந்தை உங்கள் கைதான் போட வேண்டும் என்று அத்தைக்குப் பிடிவாதம். "பொறுட்டி, இந்தா வந்துருவான்" என்கிறார்கள். போன வருடமும் இதையேதான் சொன்னார்கள்.

மேகம் கூடிவிட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, விதையை நாலு தடவை எடுத்து வைத்துவிட்டேன்.

நாளை நானே விதைக்கப் போகிறேன். அடுத்த மாதப் படத்தில் வயல் வெளுப்பாகத் தெரியும். கருப்பாக இருந்தவரைதான் அது உங்களுக்காகக் காத்திருந்தது.

இப்படிக்கு,
படத்தில் தெரியாத உங்கள் மனைவி