வெட்டுத்துணிப் பை

மார்ச் 3, ஞாயிறு

சின்னவள் இன்று துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் பைபாடோடு வந்தாள். ஏர் ரைஃபிளுக்கு முன்னால் இரண்டு கால் முளைத்த மாதிரி ஒரு தாங்கி. பொத்தானை அழுத்தினால் டக்கென்று விரிகிறது. பிறந்தநாளுக்குக் கொழுந்தன் வாங்கிக் கொடுத்ததாம். ஆளாளுக்கு மடக்கி விரித்துப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் பார்த்தார். மூன்று தடவை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஓரகத்தியாயிற்றே, சும்மா இருக்கிறாளே என்று அவளைக் கிளப்புக்குக் கூட்டிப்போனதே நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

பள்ளிச் சீருடை பதினெட்டு தைக்க வேண்டும். ஒரு சட்டைக்குப் பாக்கெட்டைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். இருபது வருஷத் தொழிலில் முதல் தடவை.

ஏன் இப்படி எரிகிறது? மாடியில் காற்று வருகிற அறை அவளுக்கு. கைமணம் அவளுக்கு. நாற்பதிலும் நரைக்காத முடி. எல்லாம் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் தகரக் கொட்டகையில் மட்டும் ஆறு வருஷமாக நான்தான் முதல் ஆள். ஏப்ரலில் கிளப்புகளுக்குள் போட்டி வருகிறது. மேசையில் வைத்துச் சுடும் பிரிவுக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஒரே ஒருவர். தேர்வு இந்த மாதம் 31. அந்த இடமும் மாடிக்குப் போய்விட்டால் எனக்கென்று என்ன மிச்சம்?

மார்ச் 9, சனி

துப்பாக்கிக் கடைக்காரர் மூன்று பைபாட் எடுத்து வைத்தார். முதலாவது சின்னவளுடையது மாதிரியே. விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டேன். இரண்டாவதற்குப் பிளாஸ்டிக் கால்; விரலால் தட்டினாலே ஆடுகிறது. மூன்றாவது குழலைக் கவ்விப் பிடிக்கிற ரகம். இரும்புக் கால், உயரம் கூட்டிக் குறைக்கலாம், விலையும் கைக்கு அடக்கம். வாங்கிவிட்டேன்.

"இது எதுக்கு? இத்தன வருஷம் உள்ளங்கையில வச்சுத்தானே சுட்ட?" என்றார் வீட்டுக்காரர்.

அவளுடையதை மூன்று தடவை மடக்கிப் பார்த்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது!

மார்ச் 10, ஞாயிறு

பத்து குண்டு, பத்து திசை. கோழிக்குத் தானியம் இறைத்த மாதிரி இலக்கு அட்டை. ஒவ்வொரு குண்டையும் உள்ளே போடக் குழலை மடிக்க வேண்டியிருக்கிறது, மடிக்கும்போதெல்லாம் இரும்புக் கால் மேசையில் இடிக்கிறது.

சின்னவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நினைக்காதீங்கக்கா. உங்களுது ஸ்பிரிங் துப்பாக்கி. குண்டு வெளிய போறதுக்குள்ளயே குதிக்கும். இரும்புக்கால்ல வச்சா இன்னும் எகிறும். என்னோடது காத்தடைச்ச சிலிண்டர், அதான் எனக்கு ஒத்துவருது. உங்களுக்கு மெத்துனு ஏதாவது வச்சாத்தான் சரியா வரும்."

யார் யாருக்குப் பாடம் எடுக்கறது? எட்டு மாசமா வர்றவ! நான் ஜெயிச்சிடக் கூடாதுன்னுதானே கழட்டச் சொல்றா? கழட்ட மாட்டேன்.

மார்ச் 13, புதன்

சின்னவள் கீழே இறங்கி வந்தாள். "அக்கா, துப்பாக்கியோட பின்கட்டைக்கு அடியில வைக்க ஒரு பை தைச்சுத் தர்றீங்களா? மணல் அடைச்சு, கெட்டியா. அசையவே கூடாது."

தருகிறேன் என்றேன். இவ்வளவு சுலபமாக அந்த வார்த்தை வந்தது எனக்கே ஆச்சரியம்தான்.

மார்ச் 14, வியாழன்

தைத்தேன். ஜீன்ஸ் துணி, இரட்டைத் தையல். வெளியே ஒரு குறை சொல்ல முடியாது. உள்ளே மணல் இல்லை. சீருடை வெட்டியதில் மிஞ்சிய வெட்டுத்துணி. கனம் தெரிய நாலு மூலையிலும் ஒரு பிடி மணல்.

எழுதிப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் பிரிக்கப்போவதில்லை.

மார்ச் 17, ஞாயிறு

அவள் அட்டையும் சிதறியது. என்னுடையதும்தான், ஆனால் அவளுடையதைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"இன்னிக்கு எனக்குக் கை சரியில்ல போல" என்றாள். பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளப் செயலாளர் அதைத் தூக்கிப் பார்க்க வந்தபோது, "அக்கா தைச்சுக் குடுத்தது சார்" என்று பெருமை வேறு. நான் குண்டு டப்பாவைத் தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

மார்ச் 20, புதன்

மறுபடியும் பாக்கெட் தலைகீழ்.

மார்ச் 24, ஞாயிறு

தேர்வுக்கு முன் கடைசிப் பயிற்சி. நாலாவது குண்டில் பைபாட் திருகு கழன்று துப்பாக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கறுப்பு வட்டத்துக்குள் ஒன்றுகூட இல்லை. செயலாளர் அட்டையைப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் நீங்க சும்மா வேடிக்கை பாக்க வாங்களேன்" என்றார். ஆறு வருஷம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சின்னவள் எழுந்து வந்தாள். கையில் அந்தப் பை. என் மேசையில் வைத்தாள்.

"அத கழட்டிட்டு இத முன்னாடி வச்சுக்கங்கக்கா. மேல உங்க உள்ளங்கை, அதுமேல துப்பாக்கி. எனக்குத்தான் இது ரொம்ப மெத்துனு இருக்கு."

பைபாடைக் கழற்றி வைத்தேன். ஐந்து குண்டு சுட்டேன். ஐந்தும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின.

அவளைக் கெடுக்கத் தைத்த பை. அதை வைத்து நான் பத்துப் பத்துப் புள்ளியாகச் சுடுகிறேன். சந்தோஷப்படவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை.

மார்ச் 31, ஞாயிறு

இடம் எனக்குத்தான். மூன்று புள்ளி வித்தியாசம். பை என்னிடம் இருந்ததால் அவள் பின்கட்டைக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துச் சுட்டாள். முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் கை தட்டியதும் அவள்தான்.

பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"அந்தப் பைக்குள்ள என்ன இருக்குன்னு..."

"வெட்டுத்துணி. கையில வாங்கினப்பவே தெரியும்கா. மூலைல மட்டும் மணல் நறநறன்னுச்சு."

"தெரிஞ்சேவா வச்சு சுட்ட?"

"திருப்பிக் குடுத்தா அப்புறம் நீங்க என்கூடப் பேசவே மாட்டீங்க. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு அது நல்லாவா இருக்கும்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜெயிச்சது நான். ஆனா பெரிய மனசுலயும் அவளே முந்திக்கிட்டாளே! இதுக்கும் பொறாமைப்படறேனே, என்ன ஜென்மம் நான்?

ஏப்ரல் 2, செவ்வாய்

சீருடை பன்னிரண்டு முடிந்தது. பாக்கெட்டெல்லாம் நேராகவே இருக்கின்றன.

பிறகு அதே ஜீன்ஸ் துணியில் இன்னொரு பை. மணலைச் சலித்து, வெயிலில் காயவைத்து, குத்திக் குத்தி அடைத்தேன். வாயை மூடித் தைப்பதற்கு முன் படிக்கட்டடியில் நின்று அவளைக் கூப்பிட்டேன்.

"உள்ள கைய விட்டுப் பாத்துடு. அப்புறம்தான் தைப்பேன்."

மணிக்கட்டு புதையக் கையை விட்டு, நாலு மூலையும் நிதானமாகத் துழாவினாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"இன்னும் ஒரு பிடி போடலாம்கா."

போட்டேன்.