இரண்டு கையும் கூப்பும் இடம்

திருகோணமலை
ஆவணி 1974

அன்புள்ள ஐயாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

நேற்றுச் சின்ன விசயமொன்று நடந்தது, பயப்படாதீர்கள். காளி கோவிலைக் கடக்கையில் இவர் வழக்கம்போல ஸ்டியரிங்கை விட்டு, கண்ணை மூடி, இரண்டு கையாலும் கும்பிட்டார். கார் மதகில் மோதி நின்றது. என் மடியிலிருந்த பிள்ளைக்கு நெற்றியில் சிறு காயம்தான்.

"காரை நிப்பாட்டிப்போட்டுக் கும்பிடுங்கோவன்" என்றேன்.

"அம்மாளெல்லே காப்பாத்தினவ! படிச்ச உமக்கு இது விளங்கேல்லையே?"

இனித் திரும்பி வரும்போதும் கும்பிடுவாராம்.

நீங்கள் ஒரு வரி எழுதிப் பாருங்கள். கேட்கமாட்டார், எனக்குத் தெரியும். அங்கிருந்து யாராவது வந்தால் நல்லெண்ணெய் கொடுத்துவிடுங்கள். இரண்டு நாள் நின்று போகவும் சொல்லுங்கள். இங்கே கதைக்க ஆளில்லை.

ஹோர்ன் அடிக்கிறார். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு வேறு வாகனமில்லை. இன்று பிள்ளையோடு பின் சீற்றில் இருக்கப்போகிறேன். வேறென்ன செய்ய ஏலும்?

மகள்,
புனிதவதி